கிழங்குண்ட காலமும் எடை பார்த்த காலமும்

ஒரு நாட்டின் வரலாற்றை ஆட்சி மாற்றங்களைக் கொண்டு எழுதுவது வழக்கம். அந்நாட்டு மக்களின் உடல்நிலையைக் கொண்டும் அதனை எழுத இயலும். மக்கள் எதை உண்டனர், எவ்வாறு உழைத்தனர், எந்நோயால் வருந்தினர் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தேடினால், ஆவணங்களில் காணாத பல செய்திகள் புலப்படும். சிங்கப்பூரை இவ்வாறு ஆராயின், பசியால் மெலிந்த ஒரு சமுதாயம், ஒரு மனிதரின் ஆயுட்காலத்துக்குள்ளாகவே பருமனால் நலியும் சமுதாயமாக மாறியதைக் காணலாம். இம்மாற்றத்தைப் பள்ளிகள் எதிர்கொண்ட முறை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் நல்ல பாடமாகும்.

ஈசூன் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். இரப்பர், அன்னாசித் தொழில்களில் புகழ்பெற்ற லிம் நீ சூன் (1879–1936) என்பாரின் பெயரால் இவ்வட்டாரம் 'நீ சூன்' என வழங்கியது. அப்பெயரின் மாண்டரின் ஒலிப்பே 'ஈசூன்'. அருகில் செம்பவாங்கில் 1938-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கடற்படைத் தளம் திறக்கப்பட்டது. அத்தளத்தில் தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினராகப் பணியாற்றினர். அத்தொழிலாளர் வழிபாட்டில் வேரூன்றிய புனித மரம் பாலசுப்பிரமணியர் ஆலயம் இன்று ஈசூனில் விளங்குகிறது. தோட்டத்திலும் தளத்திலும் உழைத்த அம்மக்கள் உண்ட சோறு அன்றன்றைய உழைப்பிலேயே செலவாகிவிட்டது.

1942 பிப்ரவரியில் ஜப்பானியர் கைக்குச் சிங்கப்பூர் மாறியபின் அச்சோறும் அரிதாயிற்று. அரிசி பங்கீட்டுப் பொருளாகிக் குறைந்துகொண்டே வர, மக்கள் மரவள்ளிக்கிழங்கை உண்டு உயிர் தாங்கினர். போர் முடிந்தும் பஞ்சம் தீரவில்லை. 1946-இல் குறைந்த விலையில் உணவளிக்கும் மக்கள் உணவகங்களையும், 1947-இல் ஊட்டக்குறைவுற்ற குழந்தைகளுக்கான உணவு நிலையங்களையும் அரசாங்கம் தொடங்கியது. பசியை நேரில் கண்ட அத்தலைமுறைக்குக் கொழுத்த குழந்தை நலத்தின் அடையாளமாகத் தோன்றியதில் வியப்பில்லை. பூசினாற்போன்ற உடலை நம் வீடுகளில் இன்றும் புகழ்ந்து பேசுகின்றோம் அல்லவா?

பின்னர் வாழ்க்கை விரைந்து மாறியது. 1970-களின் பிற்பகுதி முதல் ஈசூனில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 1988-இல் பெருவிரைவு ரயில் வந்தது. நடந்த கால்கள் மின்தூக்கியில் நின்றன. மண்வெட்டி பிடித்த கைகள் மேசைமுன் ஓய்ந்தன. உணவோ பெருகியது. புரோட்டாவும் டின்பால் கலந்த தேநீரும் எந்நேரமும் கிடைக்கலாயின. 18 முதல் 69 வயது வரையுள்ளோரில் உடற்பருமன் உடையோர் 1992-இல் 5.1 விழுக்காடு என்றும், 2010-இல் 10.8 விழுக்காடு என்றும் தேசியச் சுகாதார ஆய்வுகள் காட்டின. 2010-ஆம் ஆண்டின் ஆய்வில் இந்தியரிடையே அது 16.9 விழுக்காடாகவும், நீரிழிவு 17.2 விழுக்காடாகவும் இருந்தன. இவ்வெண்கள் நம் குடும்பங்களைப் பற்றியவை.

மிகு பருமனின் தீங்கை முன்னோரும் அறிந்திருந்தனர். சரகர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவநூல், அளவிறந்து பருத்தவர்க்கு நேரும் குறைகள் எட்டு எனக் கணக்கிடுகிறது. ஆயுள் குறைதல், நடமாட்டம் தடைப்படுதல், வலுவின்மை, மிகு வியர்வை, மிகு பசி, மிகு தாகம் ஆகியன அவற்றுள் அடங்கும். திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும் முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்பதையே உடல்நலத்துக்கு வழியாகக் காட்டுகிறது.

இன்றைய மருத்துவம் பருமனை ஒரு குறியீட்டால் அளக்கிறது. எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அவ்வெண் கிட்டும். அது 40-ஐ எட்டினால் மிகு பருமன் என்பர். 1.65 மீட்டர் உயரமுடையவர்க்கு ஏறத்தாழ 109 கிலோகிராம் எடை அந்நிலையாகும். ஆசிய மக்களுக்கோ 23-இலிருந்தே நோய் வாய்ப்புக் கூடத் தொடங்குகிறது, 27.5-க்கு மேல் அது மிகுகிறது என 2004-இல் உலகச் சுகாதார நிறுவன வல்லுநர்கள் எடுத்துரைத்தனர்.

மிகு பருமனால் விளையும் கேடுகள் ஒன்றோடொன்று பின்னியவை. வயிற்றுள் சேரும் கொழுப்பு இன்சுலினின் செயலை மழுக்குவதால் நீரிழிவு தோன்றுகிறது. இரத்த அழுத்தம் உயர்ந்து இதயம் களைக்கிறது. கல்லீரலில் கொழுப்புப் படிகிறது. முழங்கால் மூட்டுகள் தேய்கின்றன. புற்றுநோய் வகைகள் சிலவற்றுக்கும் வாய்ப்புக் கூடுகிறது. கழுத்தைச் சூழ்ந்த கொழுப்பு மூச்சுவழியை நெருக்குவதால் உறக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று மீள்கிறது. இந்நோயுடையவர் இரவு முழுதும் படுத்திருந்தும் உறங்காதவர் போலப் பகலில் தளர்கின்றார். வகுப்பில் கண்ணயரும் பருத்த பிள்ளையைச் சோம்பேறி எனக் கடிந்துகொள்ளும் ஆசிரியர் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இக்கேடுகளைத் தடுக்கும் நோக்குடன் 1992-இல் கல்வி அமைச்சு 'டிரிம் அண்ட் ஃபிட்' என்னும் திட்டத்தைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தியது. பிள்ளைகளின் எடையும் உயரமும் அளக்கப்பட்டன. எடை மிகுந்தோர் தனிக் குழுவாகப் பிரிக்கப்பட்டுக் கூடுதல் உடற்பயிற்சி செய்தனர். பள்ளிகள் சிலவற்றில் இடைவேளையிலும் ஓடினர். பருமன் விகிதத்தைக் குறைத்த பள்ளிகள் விருது பெற்றன. மாணவரிடையே பருமன் 1992-இல் 14 விழுக்காடாக இருந்து, 2006-இல் 9.5 விழுக்காடாகக் குறைந்தது. எண்ணளவில் நோக்கின் இது சிறிய வெற்றியன்று.

ஆயினும், அத்திட்டத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமாகிய 'டாஃப்' என்பதன் எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் 'ஃபேட்', அதாவது 'பருமன்', என்னும் சொல் அமைந்தது. பிள்ளைகள் அதனை எளிதில் கண்டுகொண்டனர். நண்பர் உண்ணும் நேரத்தில் அவர் கண்முன் ஓடிய பிள்ளை, உடற்பயிற்சியைத் தண்டனையாகவும் தன் உடலைக் குற்றமாகவும் கருதக் கற்றுக்கொண்டது. கேலியும் தாழ்வுணர்வும் மிகுந்தன. உணவையே அஞ்சும் நோய்க்கும் இத்தகைய நடைமுறை இடந்தரும் என்னும் கவலை எழுந்தது. 2007-இல் அத்திட்டம் கைவிடப்பட்டு, உடல் மன நலன்களை ஒருங்கே பேணும் புதிய அமைப்பு வகுக்கப்பட்டது.

இதற்கிடையே அறிவியலும் வளர்ந்திருந்தது. 1994-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர், உடற்கொழுப்பின் அளவை மூளைக்கு உணர்த்தும் லெப்டின் என்னும் இயக்குநீரைக் கண்டறிந்தனர். பசியும் நிறைவும் மனவுறுதியைப் பொறுத்தவை மட்டும் அல்ல என்பதும், அவற்றில் மரபணுவுக்கும் இயக்குநீருக்கும் பங்குண்டு என்பதும் இதனால் மேலும் தெளிவாயின. ஓடச் சொல்லிவிட்டால் எல்லாரும் ஒருபடித்தாக மெலிவர் என்னும் எண்ணம் இனி நிலைக்காது.

எனினும் ஒன்றும் செய்யாதிருத்தல் தீர்வாகாது. மாணவரிடையே எடை மிகுந்தோர் 2013-இல் 11 விழுக்காடாக இருந்து 2017-இல் 13 விழுக்காடாயினர். சமுதாயமும் வாளாவிருக்கவில்லை. 2010-இல் ஈசூனில் திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனை, மிகு பருமனுடையார்க்கு அறுவைச் சிகிச்சை உள்ளிட்ட உதவிகளை நல்குகிறது. 2016-இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. 2022 இறுதி முதல் கடைகளில் விற்கும் பானப் பொதிகளில் சர்க்கரைக்கேற்பத் தரக்குறி இடம்பெறுகிறது. உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே இரத்தச் சர்க்கரையும் அழுத்தமும் சீர்படத் தொடங்கும் என்பது நம்பிக்கையூட்டும் செய்தி.

ஆசிரியர்களாகிய நாம் இவ்வரலாற்றிலிருந்து இரண்டினைக் கொள்ளலாம். பருமனின் கேடு மெய்யானது. அதனை மறைத்துப் பேசுதல் பிள்ளைக்குச் செய்யும் தீங்கு. அப்பிள்ளையை நாணச் செய்தலும் அதே அளவு தீங்கு. எடை பார்ப்பது தனியிடத்தில் நிகழட்டும். பயிற்சி வகுப்பு முழுவதற்கும் உரியதாகட்டும். சிற்றுண்டிச்சாலையில் நல்லுணவு அனைவர் தட்டிலும் இருக்கட்டும். ஊட்டமின்றி மெலிந்த பிள்ளைக்கு 1947-இல் உணவளித்த சமுதாயம், அதன் மெலிவைக் குற்றமாகக் கருதவில்லை. அப்பரிவு இன்று பருத்த பிள்ளைக்கும் உரியது.