கரை காத்த கலிங்கு

தமிழகத்து ஏரிக்கரை மண்ணால் ஆனது. நிறைந்து நிற்கும் தண்ணீரை மாதக்கணக்கில் தாங்கும் அந்தக் கரை, உச்சிக்கு மேல் தண்ணீர் வழியத் தொடங்கினால் சில மணி நேரத்தில் உடைந்துவிடக்கூடும். வழியும் நீர் வெளிச்சரிவில் வேகம் பிடித்து அடிவாரத்து மண்ணைப் பறிக்கும். பறித்த குழி மேல்நோக்கி அரித்துக்கொண்டே போய் உச்சியை எட்டியதும் கரை பிளக்கும். மேலேரி உடைந்தால், அதன் வெள்ளம் சங்கிலித்தொடராக உள்ள கீழேரிகளையும் கொண்டுபோகும்.

கரைமேல் நீர் ஏறாமல் பார்த்துக்கொள்ளவே கலிங்கு கட்டினார்கள். கரையின் ஓரத்தில், பாறையோ இறுகிய நிலமோ உள்ள இடத்தில், கரை உச்சியைவிடச் சில அடி தாழ்வாக அமைந்த கற்கட்டு அது. கலங்கல் என்றும் சொல்வதுண்டு. அதில் நீர் வழிந்தால் வட மாவட்டங்களில் ஏரி ‘கோடி போகிறது’ என்பார்கள். தெற்கே ‘மறுகால் பாய்கிறது’. விழும் நீர் நிலத்தைத் தோண்டாதிருக்கக் கீழே பெருங்கற்களைப் பாவினார்கள்.

இந்த அமைப்பின் நுட்பமும் ஆபத்தும் கலிங்கின் தலையில் வரிசையாக நட்ட குத்துக்கற்களில் இருந்தன. மழைக்காலம் ஓயும் நேரத்தில் கற்களுக்கிடையே மண்ணும் புல்லும் அடைத்து நீர்மட்டத்தைச் சற்று உயர்த்திக்கொள்வார்கள். அப்படிச் சேர்ந்த நீர் கடைசித் தண்ணீருக்கு ஏங்கும் பயிரைக் காப்பாற்றிவிடும். அடைப்பு இருக்கையில் பெருமழை பிடித்தால் மட்டும் உடனே பிடுங்கியாக வேண்டும். இரவானாலும் ஓடும் நீரில் இறங்கி அதைச் செய்தவர்கள் ஊர் நீர்க்காவலர்கள். ஏரி வரலாற்றில் அவர்களுக்குரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

இந்தப் பொறுப்புக்கு ஊர்ச்சபைகள் தனிக் குழுவே வைத்திருந்தன. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைக் குடவோலையில் தேர்ந்ததைச் சொல்கின்றன. நண்டுவளை, எலிவளை அடைப்பதும் கரைக்கு மண் போடுவதும் பிற்காலத்தில் குடிமராமத்து எனப்பட்டது. அந்த வழக்கம் தளர்ந்ததற்கு 1858ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டமே சாட்சி: கரை உடையும் ஆபத்து வந்தால் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க அது அதிகாரம் தந்தது.

1883இல் அதே மாகாணத்தில் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. 1884இல் ரைவ்ஸ் என்ற பொறியாளர், நீர்ப்பிடிப்புப் பரப்பைக் கொண்டு உச்சவெள்ளத்தைக் கணிக்கும் சூத்திரத்தை வகுத்தார். அதன் கெழு, இன்றைய அளவையில், கடற்கரையிலிருந்து 80 கி.மீ.க்குள் 6.8, மலையடிவாரத்தில் 10.2. கலிங்கின் நீளம் போதுமா என்பதை அதன்பின் கணக்கிட்டே பார்க்க முடிந்தது.