மூன்று புலி, பதினைந்து ஆடு: முறைவழிப் போர் விளையாட்டின் தொடக்கப் பாடங்கள் குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

கணினியில் புனைவுலகப் போர் விளையாட்டுகளை ஆடும் மாணவர்கள் இன்று பலர். அவற்றுள் ஒருவகை, இரு தரப்பும் ஒரே நேரத்தில் விரைந்து மோதாமல், சதுரங்கத்தைப் போல ஒருவர் முறை முடிந்தபின் மற்றவர் முறை என ஆடப்படுவது. இதனை முறைவழி வியூக விளையாட்டு எனலாம். இத்தகைய விளையாட்டுகளுக்குப் புதிதாக வருவோர்க்குக் கூறப்படும் அறிவுரைகளைத் தொகுத்தால் அவை பெரும்பாலும் ஐந்துக்குள் அடங்கிவிடும். நிற்கும் இடத்தைத் தேர்ந்துகொள். தனித்து முன்னேறாதே. எதிரியின் அடுத்த முறையை எண்ணிப் பார்த்தபின் உன் முறையை ஆடு. இழப்பதையும் பெறுவதையும் கணக்கிடு. காலம் கனியும்வரை பொறு.

இந்த ஐந்தும் நம் ஊர்த் திண்ணைகளில் ஆடப்பட்ட ஆடுபுலி ஆட்டத்தின் பாடங்களே. கணினி விளையாட்டு ஆடுபுலியிலிருந்து தோன்றியது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லச் சான்று ஏதும் இல்லை. ஒரே வகைச் சிக்கலுக்கு வெவ்வேறு காலத்து மனிதர்கள் ஒரே வகை விடையைக் கண்டிருக்கிறார்கள். இந்த ஒற்றுமை வரலாற்று மாணவர்க்கு ஒன்றைச் சுட்டுகிறது: கல்லில் வெட்டிய ஆட்டப்பலகையின் கோடுகளை மட்டும் வரைந்துகொள்ளும் ஆவணம் அரைகுறையானது. அப்பலகையில் எப்படி ஆடினார்கள் என்ற அறிவும் ஆவணமாக வேண்டும். இக்குறிப்பின் நோக்கம் அதை வலியுறுத்துவதே.

எல்லையும் பெயரும்

பிச்சாட்டூர் இன்று திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இங்கு ஆரணியாற்றின் குறுக்கே ஓர் அணை உள்ளது. ஆறு சுருட்டப்பள்ளியைக் கடந்து, ஊத்துக்கோட்டை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் ஓடி, பழவேற்காட்டருகே கடலோடு கலக்கிறது. ஆறு ஒன்று, நிர்வாக எல்லைகள் மட்டும் பலமுறை மாறின. 1911-இல் உருவான சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதனோடு சென்றது. படாஸ்கர் பரிந்துரையை ஒட்டி 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மீண்டும் திருத்தப்பட்டது. திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது.

இந்த எல்லையின் இருபுறமும் ஆடப்படும் ஆட்டம் ஒன்றுதான், பெயர் இரண்டு. தமிழில் ஆடுபுலி ஆட்டம், தெலுங்கில் புலிஜூதம். ‘ஜூதம்’ என்ற சொல் சூதாட்டத்தைக் குறிப்பது. ஆனால் இவ்வாட்டத்தில் பகடையும் இல்லை, சோழியும் இல்லை. வெற்றி தோல்வி முழுவதும் ஆடுபவரின் எண்ணத்தைச் சார்ந்தது. ஆகவே பெயரில் சூது இருப்பினும், திருக்குறளின் சூது அதிகாரம் கண்டிக்கும் ஆட்டவகையில் இதனைச் சேர்க்க முடியாது.

பலகையின் இலக்கணம்

பரவலாக வழங்கும் வடிவம் இது. ஓர் உச்சிப் புள்ளியிலிருந்து நான்கு சாய்கோடுகள் கீழே விரிந்து அடிக்கோட்டில் முடியும். அவற்றைக் குறுக்கே வெட்டி மூன்று கிடைக்கோடுகள் ஓடும். அக்கிடைக்கோடுகளின் இருபக்க முனைகளையும் நிமிர்கோடுகள் இணைக்கும். உச்சி 1, மூன்று கிடைக்கோடுகளிலும் 6 வீதம் 18, அடிக்கோட்டில் 4 என மொத்தம் 23 புள்ளிகள். புலி 3, ஆடு 15.

புலிகள் உச்சியிலும் அதனை அடுத்தும் முதலிலேயே நிற்கும். ஆடுகள் முறைக்கு ஒன்றாக வைக்கப்படும். 15 ஆடுகளும் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. ஆனால் முதல் ஆடு இறங்கியது முதலே புலி நகரலாம், வெட்டலாம். அடுத்த புள்ளியில் ஆடு இருந்து, அதே கோட்டில் அதற்கு அப்பாலுள்ள புள்ளி காலியாக இருந்தால் புலி தாண்டி வெட்டும். ஆடுகளால் வெட்ட இயலாது; புலிகள் நகர முடியாதபடி அடைத்தலே அவற்றின் வெற்றி. எத்தனை ஆடு வெட்டுண்டால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும்.

சதுரங்கத்தில் இரு படையும் சமம், இங்கே அப்படியில்லை. ஒரு தரப்பு எண்ணிக்கையில் சிறிது, ஆற்றலில் பெரிது. மறு தரப்பு எண்ணிக்கையில் பெரிது, தனித்தனியே பார்த்தால் ஆற்றலற்றது. ஹெச். ஜே. ஆர். மர்ரே 1952-இல் வெளியிட்ட, சதுரங்கம் அல்லாத பலகை விளையாட்டுகளின் வரலாற்று நூலில் இவ்வகையை வேட்டை ஆட்டங்கள் என்று தனியே பிரித்தார். நேபாளத்தின் பாக்சால் இதன் நெருங்கிய உறவு. அதில் புலி 4, ஆடு 20. கணினி அறிவியலாளர்களான லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் ஆகியோர் பாக்சாலைக் கணினியால் ஆராய்ந்து, இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் அது வெற்றி தோல்வியின்றி முடியும் என்று நிறுவினர். பார்வைக்குச் சமமற்ற படைகள் சமமாக நிற்க முடிவது எப்படி? அதற்கான விடை, தொடக்க ஆட்டக்காரர்க்குச் சொல்லப்படும் பாடங்களில்தான் உள்ளது.

ஐந்து பாடங்கள்

ஒப்பீட்டுக்கு ‘பேட்டில் ஃபார் வெஸ்நோத்’ என்னும் கணினி விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். டேவிட் ஒயிட் தொடங்கி 2003-இல் வெளிவந்த இது, எவரும் கட்டணமின்றிப் பெற்று ஆடக்கூடிய கட்டற்ற மென்பொருள். ஆகவே மாணவர்க்கு எளிதில் கிட்டும். அறுகோணக் கட்டங்களாலான களம்; எல்ஃப், ஓர்க், குள்ளர், இறந்தெழுந்தோர் எனப் புனைவுப் படைகள்; பொன்னைக் கொடுத்து வீரர்களைச் சேர்க்கும் தலைவன்; வருவாயும் மருத்துவமும் தரும் சிற்றூர்கள் என அமைந்தது.

முதற் பாடம், இடம். வெஸ்நோத்தில் காட்டில் நிற்கும் எல்ஃப் வீரன்மீது விழும் அடிகளில் பெரும்பாலானவை தவறும். அதே வீரன் வெட்டவெளியில் நின்றால் எளிதில் அடிபடுவான். புதியவர் வீரனின் வலிமையைப் பார்ப்பார். பழகியவர் அவன் காலடி நிலத்தைப் பார்ப்பார். ஆடுபுலியிலும் எல்லாப் புள்ளியும் ஒன்றல்ல. உச்சி, கிடைக்கோட்டுப் பகுதியின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரு முனைகள் ஆகிய 7 புள்ளிகளின் வழியே எந்தக் கோடும் நேராகக் கடந்து செல்வதில்லை. அங்கு நிற்கும் ஆட்டை எந்தப் புலியாலும் தாண்ட முடியாது. இருபக்க நிமிர்கோடுகளின் நடுப்புள்ளிகள் இரண்டு, அடிக்கோட்டின் உட்புள்ளிகள் இரண்டு ஆகிய 4 இடங்களில் ஒரே ஒரு கோட்டின் வழியேதான் ஆபத்து வரும். எஞ்சிய 12 புள்ளிகளில் இரண்டு கோடுகளின் வழியே வரும். முதல் ஆடுகளை ஓரத்தில் இறக்குவது நல்லது என்பதன் காரணம் இக்கணக்கே.

இரண்டாம் பாடம், துணை. பின்புள்ளியில் இன்னோர் ஆடு நின்றால் முன்நிற்கும் ஆடு அந்தத் திசையில் வெட்டுப்படாது. பின்நிற்பது எதுவும் செய்வதில்லை. அது நிற்பதே காவல். வெஸ்நோத்திலும் பெரும்பாலான வீரர்களைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களிலும் எதிரியின் நடை தடைப்படும். வரிசையாக நிறுத்திய படையை ஊடுருவுதல் கடினம். தனியே ஓடிய வீரனையோ ஆறு பக்கமும் சூழ்ந்துவிடலாம்.

மூன்றாம் பாடம், எதிரியின் முறை. ஆட்டை வைப்பதற்கு முன், ‘இதை வைத்தால் எந்தப் புலி எங்கு வரும், அங்கிருந்து எதைத் தாண்டும்’ என்ற வினாவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வெஸ்நோத்தில் தாக்கச் சென்ற வீரன், தாக்கி முடித்த இடத்திலேயே எதிரியின் முறையைத் தாங்கியாக வேண்டும். இந்த முறையில் எத்தனை பேரை வீழ்த்தலாம் என்று மட்டும் எண்ணும் புதியவர், அடுத்த முறையில் தம் படையை இழப்பார்.

நான்காம் பாடம், இழப்பின் விலை. இங்கும் பலகையே கணக்கைச் சொல்கிறது. உச்சியில் நிற்கும் புலிக்கு அண்டைப்புள்ளி 4. அவற்றைத் தாண்டி விழும் புள்ளி 4. அதனைத் தனியாக அடைக்க 8 ஆடுகள் வேண்டும். மூலையில் நிற்கும் புலிக்கு அண்டை 2, தாண்டும் இடம் 2. ஆகவே 4 ஆடுகளே போதும். மூன்று புலிகளும் மூலைகளில் ஒதுங்கினால் 12 ஆடுகளால் ஆட்டம் முடிந்துவிடும். கையில் இருப்பவை 15. அதாவது, ஓரிரு ஆடுகளைக் கொடுத்துப் புலியை ஓரத்துக்கு இழுப்பது அறிவுடைய இழப்பு. நடுவில் கவனக்குறைவால் இழக்கும் ஆடு வெறும் இழப்பு. புலியாடுவோர்க்கும் இதே கணக்கு வேறுவிதமாகப் பயன்படும்: ஓர் ஆட்டுக்காக மூலைக்குள் பாயாதே. வெஸ்நோத்தில் மலிவான புதுவீரனை முன்நிறுத்தி, பல போர் கண்டு தேர்ந்த வீரனைக் காப்பதும் இக்கணக்கே.

ஐந்தாம் பாடம், காலம். வெஸ்நோத்தில் பகலும் இரவும் முறைகளோடு சுழலும். ஒழுங்கு சார்ந்த மனிதப் படைகளின் தாக்குதல் பகலில் 25 விழுக்காடு கூடும், இரவில் அதே அளவு குறையும். ஓர்க் முதலிய இருள்சார் படைகளுக்கு இது தலைகீழ். இரவில் பின்வாங்கி, விடியலில் திரும்பித் தாக்கக் கற்றவரே தேறுவார். ஆடுபுலியில் பகலிரவு இல்லை. ஆயினும் இரு பருவங்கள் உண்டு. 15 ஆடுகளும் இறங்கும்வரை ஆட்டுக்குக் காத்தலே தொழில். இறங்கி முடிந்தபின்தான் நெருக்குதல். முதற் பருவத்திலேயே புலியை மடக்க முனைபவர், இரண்டாம் பருவத்துக்கு ஆடின்றி நிற்பார்.

பழமையும் காலக்கணிப்பும்

எண்ணி ஆடும் ஆட்டங்கள் நம் மரபில் எவ்வளவு பழையவை? ‘அட்டாபதம்’ எனப்பட்ட எட்டுக்கு எட்டுக் கட்டப்பலகையைப் பதஞ்சலியின் மாபாடியம் அறியும். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படையைப் பலகையில் நிறுத்தும் சதுரங்கத்தை 7-ஆம் நூற்றாண்டில் பாணரின் ஹர்ஷசரிதம் சுட்டுகிறது. தமிழில் அதற்கு முன்பே ‘வல்லு’ என்னும் பலகையாட்டம் பேசப்படுகிறது. புறநானூற்றின் 52-ஆம் பாடலில், நரைத்த முதியோர் பொதியிலில் அமர்ந்து ஆடிய வல்லுப்பலகையின் இடம் காய்களை வைத்து வைத்துக் குழிந்துபோயிருக்கிறது. போரால் ஊர் பாழானபின் அக்குழியில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. அகநானூற்றுப் பாலைப் பாடல் ஒன்றும், தலை நடுங்கக் குனிந்து, இரண்டாகக் கிளைத்த மனத்தோடு வல்லாடும் முதியோரைக் காட்டுகிறது. எந்தக் காயை நகர்த்துவது என்று இருவழி எண்ணும் மனத்தையே புலவர் குறித்தார் எனக் கொள்ள இடமுண்டு.

வல்லுதான் ஆடுபுலி என்று சொல்லுதல் பொருந்தாது. வல்லின் விதிகளைச் சங்க நூல்கள் விளக்கவில்லை. இந்த எச்சரிக்கை கல்லில் வெட்டிய பலகைகளுக்கும் பொருந்தும். ஹம்பியின் கோயில் தளங்களிலும் பாறைகளிலும் ஆட்டப்பலகைகள் பல உள்ளன. இலங்கையில் ஹென்றி பார்க்கர் 1909-இல் வெளியிட்ட ‘பண்டைய இலங்கை’ நூலிலேயே நாட்டார் ஆட்டங்களுக்கு இடம் தந்தார். இத்தகைய பலகை ஒன்றைக் கண்டதும் கோயிலின் காலத்தையே பலகைக்கும் சூட்டிவிடும் பழக்கம் உண்டு, அது பிழை. பிச்சாட்டூருக்கு அருகிலுள்ள நாகலாபுரம் வேதநாராயணர் கோயில் கிருஷ்ணதேவராயர் காலத்தில் விரிவுபெற்றது. அக்காலத்தில் இட்ட தளக்கல் ஒன்றில் ஆடுபுலிக் கோடு காணப்பட்டால், கல் இடம் மாறாதிருக்கும் நிலையில், அக்கோடு 16-ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதன்று என்பது மட்டுமே தேறும். அதை வெட்டியவர் கட்டிய சிற்பியாகவும் இருக்கலாம். 300 ஆண்டு கழித்து நிழலுக்கு ஒதுங்கிய மேய்ப்பராகவும் இருக்கலாம்.

திருப்பணியின்போது தேய்ந்த தளக்கற்களைப் பெயர்த்துப் புதுக்கல் பதிக்கிறார்கள். சில இடங்களில் மணல்வீச்சால் கல்லின் மேற்பரப்பையே சுரண்டிவிடுகிறார்கள். கல்வெட்டு என்றால் தடுக்க ஒருவராவது வருவார். ஆடுபுலிக் கோட்டுக்காக எவரும் வருவதில்லை. கோட்டோடு, அதில் ஆடத் தெரிந்த முதியோரும் குறைந்து வருகின்றனர்.

ஆகவே எல்லைப்பகுதி ஊர்களில் களப்பணி செய்யும் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். பலகையைக் கண்டால் ஒளிப்படத்தோடு அளவு, திசை, கல் பெயர்க்கப்பட்டதா என்ற விவரம், தேய்மானம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பின் ஆடத் தெரிந்தவரை அழைத்து ஓர் ஆட்டம் முழுவதும் ஆடச் செய்து, ஒவ்வொரு முறையையும் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை ஆடு போனால் தோல்வி, காய்க்கு எதைப் பயன்படுத்தினர், புதிதாக ஆடும் சிறுவர்க்கு முதலில் என்ன சொல்லித் தருவர் என்ற மூன்று வினாக்களைத் தமிழிலும் தெலுங்கிலும் கேளுங்கள். மூன்றாம் வினாவுக்குக் கிடைக்கும் விடையை அவர் சொன்ன சொற்களிலேயே பதிவு செய்யுங்கள். உங்கள் உரைநடைக்கு மாற்ற வேண்டா.