வகுப்பில் சீண்டப்படும் பிள்ளை: பெற்றோரும் ஜமாஅத்தும் செய்ய வேண்டியவை

கொல்லிமலைக்கு அடிவாரமான காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். மலையில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களின் பிள்ளைகளுக்காக அங்கே அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இயங்குகின்றன. மேல்படிப்புக்காகக் கீழே இறங்கி விடுதியில் தங்கும் பிள்ளைகளும் உண்டு. சமவெளி ஊர்களின் பள்ளிக்கூடங்களில் நம் பிள்ளைகளும் இவர்களும் ஒரே வகுப்பில் உட்கார நேர்கிறது.

மலைப் பிள்ளையை அவன் பேச்சை வைத்துக் கேலி செய்வார்கள். நம் பிள்ளையைப் பெயரையும் முக்காட்டையும் வைத்துக் கேலி செய்வார்கள். இன்னொரு பிள்ளைக்கு நிறமோ, திக்குவாயோ, அப்பாவின் தொழிலோ, சாதியோ காரணமாகிவிடும். காரணங்கள் வேறானாலும் வலி ஒன்றுதான். ஆகவே இதை 'நம் பிள்ளைக்கு நடந்தால் மட்டும்' பேச வேண்டிய விஷயமாகப் பார்க்கக் கூடாது.

சண்டை வேறு, சீண்டல் வேறு

இரு பிள்ளைகள் சரிசமமாக மோதிக்கொண்டு மறுநாள் சேர்ந்து விளையாடினால் அது சண்டை. பலம் கூடியவரோ கூட்டமாக இருப்பவர்களோ, எதிர்த்து நிற்க முடியாத ஒருவரைத் திரும்பத் திரும்பத் துன்புறுத்தினால் அது சீண்டல். அடிப்பது மட்டுமல்ல, பட்டப்பெயர் வைப்பது, பணம் பிடுங்குவது, வீட்டுப்பாடம் எழுத வைப்பது, யாரும் பேசாமல் ஒதுக்கி வைப்பது, வாட்ஸ்அப்பில் படம் போட்டு அவமானப்படுத்துவது எல்லாமே இதில் அடங்கும்.

விடுதிப் பிள்ளையின் நிலை இன்னும் கடினம். பகலில் சீண்டியவன் இரவில் அதே அறையில் படுத்திருப்பான். பெற்றோர் தொலைவில் இருப்பார்கள். பிள்ளை வாய் திறக்காவிட்டாலும் சில அறிகுறிகள் தெரியும்: காரணமில்லாத வயிற்றுவலி, பள்ளிக்குப் போக மறுப்பு, தூக்கமின்மை, அடிக்கடி பொருள் தொலைதல், விடுமுறை முடியும் நாளில் அழுகை.

நாங்குநேரி தந்த பாடம்

2023 ஆகஸ்ட் 9 இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் ஒரு பட்டியலினப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை அவன் படித்த பள்ளியின் மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் காயமடைந்தாள். தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்த அந்த மாணவன், ஆசிரியர்கள் கேட்ட பிறகுதான் உண்மையைச் சொன்னான். புகார் சொன்னதற்கே அந்தத் தாக்குதல் நடந்தது. பிறகு அவன் உதவியாளர் துணையுடன் பொதுத்தேர்வு எழுதி 600க்கு 469 மதிப்பெண் பெற்றான்.

இதில் பெற்றோருக்கு ஒரு பாடம் உண்டு. பிள்ளையைப் பேச வைப்பது பாதி வேலைதான். பேசிய பிள்ளைக்கு அன்று மாலையே பாதுகாப்பு வேண்டும். பள்ளிக்கு யார் அழைத்துப் போவது, இடைவேளையில் எந்த ஆசிரியர் கவனிப்பது, விடுதியில் எந்த அறைக்கு மாற்றுவது என்பதையெல்லாம் புகார் கொடுக்கும்போதே பேசி முடிவு செய்ய வேண்டும்.

இந்தச் சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூன் மாதம் அறிக்கை தந்தது. 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் நல அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. மலைப் பள்ளிகளில் பல அந்த எண்ணிக்கையை எட்டாதவை. அலுவலர் இல்லாத இடத்தில் அந்தப் பொறுப்பை ஊர்தான் ஏற்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு 1996இல் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. மாணவருக்கு உடல் அல்லது மனத் துன்பமோ, அச்சமோ, அவமானமோ உண்டாக்கும் செயல் அதன்படி குற்றம். எழுத்தில் புகார் வந்தால் நிறுவனத் தலைவர் உடனே விசாரிக்க வேண்டும். விசாரிக்காமல் விட்டால் அவரும் உடந்தையாகவே கருதப்படுவார். எனவே வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும், மொத்தத்தில் பாதி பெண்களும் இருக்க வேண்டும் என்பது விதி. நம் தாய்மார்கள் அந்த இடங்களுக்கு முன்வர வேண்டும்.

ஜமாஅத் செய்யக்கூடியவை

• பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் ஒரு ஜும்ஆ உரையை இதற்கென ஒதுக்கலாம். பட்டப்பெயர் சூட்டுவதையும் பிறரை இழிவாகப் பேசுவதையும் சூரா அல்ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது. ஒருவரை அவர் தாயைச் சொல்லி இழித்த அபூதர் (ரலி) அவர்களையே, உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்தின் குணம் இருக்கிறது என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள்.

• மஹல்லாவில் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, பிள்ளைகள் தயங்காமல் பேசக்கூடிய இருவரை நியமிக்கலாம். சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கை மிக முக்கியம். ஆனால் பாலியல் துன்புறுத்தல் என்றால் மறைக்கவோ பஞ்சாயத்துப் பேசவோ கூடாது. போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

• விடுதிப் பிள்ளைகளை அருகிலுள்ள குடும்பங்கள் அனுமதி பெற்று மாதம் ஒருமுறை பார்த்து வரலாம். எந்தச் சமூகத்துப் பிள்ளையானாலும் சரி.

நம் பிள்ளையே சீண்டினால்?

2023 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசம் முசாஃபர்நகரில் ஓர் ஆசிரியை சக மாணவர்களை ஏவி ஒரு முஸ்லிம் சிறுவனை அறையச் செய்தார். அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், அடிபட்ட சிறுவனோடு அடிக்க வைக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் மனநல ஆலோசனை தேவை என்றது. அநியாயம் செய்பவரின் கையைப் பிடித்துத் தடுப்பதே அவருக்குச் செய்யும் உதவி என்று நபிமொழி கற்றுத் தருகிறது. நம் பிள்ளைமீது புகார் வந்தால், 'என் பையன் அப்படிச் செய்ய மாட்டான்' என்று வாதாடாமல் விசாரிப்போம். மன்னிப்புக் கேட்க வைப்போம். பிடுங்கியதைத் திருப்பிக் கொடுக்க வைப்போம்.

உதவி எண்கள்

1098 – சிறார் உதவி எண். 24 மணி நேரமும் இலவசம். பிள்ளையே அழைக்கலாம்.
14417 – பள்ளிக் கல்வித்துறை உதவி எண்.
14416 – டெலி மானஸ் மனநல ஆலோசனை.
1930 – இணையவழிக் குற்றங்கள்.

இந்த எண்களைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் மதரஸா சுவரிலும் எழுதி வைப்போம். இன்று இரவு பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், பள்ளிக்கூடத்தில் யாருடன் சாப்பிட்டாய் என்று கேட்போம். தனியாகத்தான் என்று பதில் வந்தால், அங்கிருந்து பேச்சைத் தொடங்குவோம். அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவரையும் பாதுகாப்பானாக.