கண்புரை வைத்தியமும் பார்வையின் இருப்பிடமும்

முற்றிய கண்புரையை வெளியே எடுக்காமல், ஊசியால் குத்திக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவதுதான் பழைய வைத்தியம். சுசுருத சம்ஹிதையின் உத்தர தந்திரம் இதன் செய்முறையை நுணுக்கமாகச் சொல்கிறது. நோயாளி உட்கார்ந்து தன் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வலக் கண்ணை இடக் கையாலும் இடக் கண்ணை வலக் கையாலும் குத்த வேண்டும். பார்லி மணி போன்ற முனையுள்ள சலாகை வெள்விழி வழியாக இறங்கும். குத்து சரியாக விழுந்தால் மெல்லிய ஓசை கேட்கும். ஒரு சொட்டு நீர் வரும். உடனே தாய்ப்பாலால் கண்ணை நனைத்து, நெய்யில் தோய்த்த பஞ்சை வைத்துக் கட்ட வேண்டும். அதன்பின் தும்மல், இருமல், ஏப்பம் எல்லாவற்றையும் நோயாளி அடக்கிக்கொள்ள வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் செல்சஸ் எழுதிய மருத்துவ நூலிலும் ஊசியால் புரை தள்ளும் முறை இருக்கிறது. அரபு மருத்துவர்களும் அதையே செய்துவந்தார்கள்.

தள்ளியது எது என்று தள்ளியவர்களுக்குத் தெரியாது. பார்வையின் இருப்பிடம் விழிவில்லை என்றும், அதற்கு முன்னால் நீர் உறைந்து படலமாவதே புரை என்றும் கிரேக்க மருத்துவர் கேலன் எழுதிவைத்திருந்தார். ஐரோப்பாவும் அரபு உலகமும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அவர் சொல்லைத் தட்டவில்லை. திரையை விலக்குவதாக நினைத்த வைத்தியர், உண்மையில் மங்கிப்போன விழிவில்லையையே இடம்பெயர்த்துத் தள்ளினார். எதைப் பார்க்கும் உறுப்பு என்று நம்பினாரோ அதையே வழியிலிருந்து அகற்றினார், பார்வையும் திரும்பியது! மருத்துவ வரலாற்றில் இத்தனை வேடிக்கையான வெற்றிகள் அதிகம் இல்லை.

பார்வையின் இருப்பிடத்தைப் பின்னால் நகர்த்தியவர்கள் வேறு ஆட்கள். 1583-இல் பாசல் நகர மருத்துவர் ஃபீலிக்ஸ் பிளாட்டர், ஒளியை உணர்வது விழித்திரைதான் என்றார். 1604-இல் கெப்ளர், விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுகிறது என்று ஒளியியல் வழியே நிறுவினார். தலைகீழ்ப் பிம்பத்தை நாம் நேராகப் பார்ப்பது எப்படி என்ற கேள்வியை அவர் தொடவில்லை. அது தன் துறை அல்ல என்று ஒதுங்கிக்கொண்டார். வைத்தியர்களின் காதுக்கு இதெல்லாம் போய்ச்சேர இன்னும் நூறு ஆண்டுகள் ஆயின. 1705-இல் பிரெஞ்சு மருத்துவர் பிரிஸோ, இறந்துபோன ஒரு சிப்பாயின் புரைக்கண்ணில் ஊசியால் தள்ளிப் பார்த்துவிட்டு, அந்தக் கண்ணை அறுத்துத் திறந்தார். உள்ளே விழுந்து கிடந்தது விழிவில்லை.

விழித்திரையோடு கதை முடியவில்லை. 1688-இல் டப்ளின் அறிஞர் வில்லியம் மோலினோ, தத்துவவாதி ஜான் லாக்குக்கு ஒரு புதிர் அனுப்பினார். மோலினோவின் மனைவி பார்வையை இழந்தவர். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டுப் பிரித்தறியப் பழகியிருக்கிறார்; திடீரென்று பார்வை வந்தால், தொடாமலே எது எது என்று சொல்வாரா? சொல்ல முடியாது என்பதே இருவருடைய கணிப்பும்.

1728-இல் லண்டன் அறுவை மருத்துவர் செசல்டன், பார்த்த நினைவே இல்லாத, ஏறக்குறைய 13 வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் புரை தள்ளியதைப் பற்றி எழுதினார். பார்வை வந்த புதிதில், பொருட்களெல்லாம் தன் கண்ணை வந்து தொடுவதாகவே அவனுக்குப் பட்டது. உருவங்களைப் பிரிக்கத் தெரியவில்லை. வீட்டு நாய் எது, பூனை எது என்று திரும்பத் திரும்ப மறந்துபோயிற்று, கேட்கவும் வெட்கம். ஒருநாள் பூனையைப் பிடித்துத் தடவிக்கொண்டே உற்றுப் பார்த்து, இனிமேல் உன்னைத் தெரியும் என்கிற மாதிரி அதனிடம் சொல்லிவிட்டு இறக்கிவிட்டான். சுவரில் தொங்கும் படங்கள் ஆட்களையும் பொருட்களையும் காட்டுகின்றன என்று புரியவே இரண்டு மாதம் பிடித்தது. புரிந்தபின், தொட்டால் தட்டையாக இருக்கின்றனவே என்று திகைத்தான். வயதான காலத்தில் புரை வந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் எழவில்லை, ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே பார்க்கக் கற்றிருந்தவர்கள்.

1752-இல் ஜாக் டவியேல், கருவிழியின் கீழோரத்தை அறுத்து விழிவில்லையை வெளியே எடுக்கும் முறையைப் பாரிஸ் அறுவை மருத்துவக் கழகத்துக்கு விளக்கினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், ஜான் டெய்லர் என்ற ஊர்சுற்றி வைத்தியரிடம் கண்ணைக் காட்டிய இசைமேதை பாக், பார்வையும் தேறாமல் சில மாதங்களில் இறந்துபோனார். புது முறை வந்தும் பழைய தொழில் சாகவில்லை. சென்னையில் 1819-இலேயே கண் மருத்துவமனை தொடங்கிவிட்டது. இன்று எழும்பூரில் இருப்பது அதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தலைவராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட்டிடம், நாட்டு வைத்தியர்கள் தள்ளிக் கெடுத்த கண்களோடு ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். தள்ளியவுடன் பார்வை தெரியும். சீழும் வீக்கமும் தொடங்குவதற்குள் வைத்தியர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். அத்தகைய கண்களை ஆராய்ந்து எலியட் 1917-இல் ஒரு நூலே வெளியிட்டார்.

செசல்டனிடம் பார்வை பெற்ற சிறுவனுக்குப் பார்த்தது ஏன் புரியவில்லை என்பதற்கு விடை மூளையின் பின்பகுதியில் இருந்தது. ரஷ்ய-ஜப்பானியப் போரில் தலையில் குண்டடி பட்ட சிப்பாய்களைச் சோதித்த ஜப்பானிய மருத்துவர் இனோயே, விழித்திரையின் ஒவ்வொரு பகுதிக்கும் அங்கே தனித்தனி இடம் உண்டென்று 1909-இல் காட்டினார். 1963-இல் மூளை ஆய்வாளர்கள் ஹியூபலும் வீசலும், பிறந்த பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடி, சில மாதம் கழித்துத் திறந்தார்கள். கண்ணில் குறையில்லை, ஆனால் மூளையின் பார்வைப் புறணியில் அந்தக் கண்ணுக்குப் பதிலளிக்கும் செல்கள் ஏறக்குறைய இல்லை. வளர்ந்த பூனையின் கண்ணை மூடினால் அப்படி நேரவில்லை. 1981-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மோலினோவின் புதிருக்கு 2011-இல் இந்தியச் சிறுவர்கள் விடை தந்தார்கள். பார்வையற்ற சிறுவர்களுக்கு அறுவை செய்து, அவர்கள் பார்க்கக் கற்பதை ஆராயும் பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டத்தில், பிறவியிலேயே பார்வையின்றி இருந்த, 8 முதல் 17 வயதுக்குட்பட்ட ஐந்து பேர், அறுவைக்குப் பின் இரண்டு நாளுக்குள் சோதிக்கப்பட்டார்கள். பார்த்ததைப் பார்த்ததோடு பொருத்தினார்கள். தொட்டதைப் பார்த்ததோடு பொருத்த வரவில்லை. சில நாட்களிலேயே அதுவும் வந்துவிட்டது. ஆனாலும் பார்வையின் கூர்மை முழுதாகத் தேறுவதில்லை. அதனால்தான் பிறவிப் புரை அடர்த்தியாக இருந்தால், குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே அறுவை செய்துவிடுகிறார்கள். புரை ஒரு கண்ணில் மட்டும் இருந்தால், அறுவைக்குப் பின் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் கட்டிவைத்து, மற்றதை மூளை பயன்படுத்தும்படி பழக்குகிறார்கள்.