அமெரிக்கக் கம்போடியர்: ஆசியக் குடியேறிகளோடு ஒரு சமூக, பொருளாதார ஒப்பீடு

அமெரிக்கக் கம்போடியர் என்போர், 1975-க்குப் பிறகு பெரும்பாலும் அகதிகளாக அமெரிக்காவில் குடியேறிய கம்போடியரும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் ஆவர். இவர்களில் கெமர் இனத்தவரே மிகுதி. கம்போடியாவில் பல தலைமுறைகள் வாழ்ந்த சீனரும், சாம் முஸ்லிம்களும் குறைந்த எண்ணிக்கையில் உள்ளனர். 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1,71,937 பேர் தம்மைக் கம்போடியர் என்று மட்டும் பதிந்தனர். கலப்புப் பிறப்பினரையும் சேர்த்தால் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. 2019-இல் இது சுமார் 3,39,000 என்று பியூ ஆய்வு மையம் மதிப்பிட்டது.

அமெரிக்க அரசின் புள்ளிவிவரங்களில் இவர்கள் ஆசியர் என்ற தொகுப்பில் அடங்குகின்றனர். அந்தத் தொகுப்பின் சராசரி வருமானமும் கல்வியும் நாட்டின் சராசரியைவிட உயர்ந்தவை. கம்போடியரின் நிலையோ நெடுங்காலம் அதற்கு நேர்மாறாக இருந்தது. இந்த இடைவெளிக்குப் பண்பாட்டையோ உழைப்பின் அளவையோ காரணமாகச் சொல்வோர் உண்டு. அது தவறான விளக்கம். எந்த நாட்டிலிருந்து யார் புறப்பட முடிந்தது, எதை இழந்து புறப்பட்டனர், எந்த நகரத்தில் எத்தகைய உதவியோடு இறக்கிவிடப்பட்டனர் என்பவையே இடைவெளியின் பெரும்பகுதியை விளக்குகின்றன.

எண்களில் தெரியும் வேறுபாடு

2000 கணக்கெடுப்பின்படி ஆசியரில் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 12.6 விழுக்காடு. நாடு முழுமைக்கும் அந்த அளவு 12.4. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், ஆசியருக்கெனத் தனிக் கவனம் எதுவும் தேவையில்லை என்றே மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் அதே கணக்கெடுப்பில் பிலிப்பினோக்களிடையே வறுமை 6.3 விழுக்காடு, இந்தியரிடையே 9.8, கம்போடியரிடையே 29.3, லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த மோங் மக்களிடையே 37.8. ஆசியக் குடும்பங்களின் இடைநிலை ஆண்டு வருமானம் 59,324 டாலராக இருந்தபோது கம்போடியக் குடும்பங்களுடையது 35,621 டாலர். தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் நிலைமை இன்னும் கடுமை. கம்போடியரின் தனிநபர் வருமானம் சுமார் 10,000 டாலர். நாட்டின் சராசரியில் அது பாதிதான். குடும்பங்கள் பெரியவை, சம்பாதிக்கும் கைகள் குறைவு.

கல்வியில் பிளவு இன்னும் ஆழமானது. 25 வயதைக் கடந்த கம்போடியரில் 53.3 விழுக்காட்டினர் உயர்நிலைப் பள்ளியை முடிக்காதவர்கள். பட்டம் பெற்றவர்கள் 9.2 விழுக்காடு. ஆசியர் எல்லோரையும் சேர்த்தால் பட்டதாரிகள் 44.1 விழுக்காடு, இந்தியரில் 63.9. தமிழ்நாட்டிலிருந்து சென்ற பொறியாளரும் மருத்துவரும் இந்தக் கடைசி எண்ணுக்குள் அடக்கம். 1965-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் தொழில்திறனுக்கும் உறவினருக்கும் முன்னுரிமை தந்தது. இந்தியாவிலிருந்து முதலில் போனவர்களில் மிகப் பலர் படிப்பை முடித்து வேலைக்கான தகுதியோடு விசா பெற்றவர்கள். இந்திய மக்கள்தொகையின் சராசரி மனிதர் அங்கே போகவில்லை. இப்படி வடிகட்டி எடுத்த ஒரு கூட்டத்தோடு உயிர் பிழைத்து ஓடிவந்த கூட்டத்தை ஒரே அளவுகோலில் நிறுத்தி, ஒருவரை முன்மாதிரி என்றும் மற்றவரைப் பின்தங்கியவர் என்றும் சொல்வது நியாயமாகாது. முன்மாதிரிச் சிறுபான்மை என்ற கருத்தே 1966-இல் சமூகவியலாளர் வில்லியம் பீட்டர்சன் ஜப்பானிய அமெரிக்கரைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. அப்போது கம்போடிய அகதி ஒருவர்கூட அமெரிக்காவுக்கு வந்திருக்கவில்லை.

வந்தவர்கள் யார்

1975 ஏப்ரல் 17-இல் கெமர் ரூஜ் என்னும் தீவிரப் பொதுவுடைமை இயக்கத்தின் படை தலைநகர் நோம் பென்னைக் கைப்பற்றியது. நகரங்கள் காலி செய்யப்பட்டன. மக்கள் வயல்களிலும் கால்வாய் வேலைகளிலும் கட்டாய உழைப்புக்கு அனுப்பப்பட்டனர். பள்ளிகள், சந்தை, பணம், வழிபாடு எல்லாம் ஒழிக்கப்பட்டன. ஆசிரியர், மருத்துவர், அதிகாரி, துறவி எனப் படித்தவர்கள் தேடித்தேடிக் கொல்லப்பட்டனர். 1979 ஜனவரி 7-இல் வியட்நாம் படை நோம் பென்னைப் பிடிக்கும்வரை பசியாலும் நோயாலும் கொலையாலும் 15 முதல் 20 லட்சம் பேர் மடிந்தனர். ஏறக்குறைய நாலில் ஒருவர்.

ஒரு நாட்டின் படித்த வகுப்பையே அழித்துவிட்டால், பிறகு அங்கிருந்து வெளியேறுவோரில் அந்த வகுப்பு எப்படி இருக்கும்? வியட்நாமோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். 1975-இல் தென்வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்தபோது சுமார் 1,25,000 வியட்நாமியர் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் அதிகாரிகளும் ஆங்கிலம் அறிந்தவர்களும் நிறைய இருந்தனர். பின்னால் வந்த ஏழை உறவினருக்கு அவர்கள் ஊன்றுகோலாயினர். அதே ஆண்டில் வந்த கம்போடியர் ஐயாயிரத்துக்கும் குறைவு. எல்லை மூடப்பட்டுவிட்டதால் அடுத்த நான்கு ஆண்டுகள் வெகு சிலரே தப்ப முடிந்தது.

பெருந்திரள் வந்தது 1979-க்குப் பிறகு. தாய்லாந்து எல்லையில் அந்த ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட காவ் ஈ தாங் முகாம் போன்ற இடங்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள், 1980-ஆம் ஆண்டு அகதிகள் சட்டத்தின்கீழ் அனுமதிக்கப்பட்டனர். 1990களின் நடுப்பகுதிவரை ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் வந்து சேர்ந்தனர். பெரும்பாலோர் நெல் விவசாயிகள், பலர் எழுத்தறியாதவர்கள். கணவனை இழந்து பிள்ளைகளோடு வந்த பெண்கள் கணிசமானோர். வழியில் பிலிப்பைன்ஸின் படான் முகாமில் ஆங்கிலமும் அமெரிக்க வாழ்க்கை முறையும் கற்பிக்கப்பட்டன. அந்தப் பாடத்திட்டம் அகதிகளை அடிமட்ட வேலைகளுக்கே பழக்கியது என்று மொழியியலாளர் ஜேம்ஸ் டாலெஃப்சன் விமர்சித்தார்.

குடியமர்வு

1950களிலும் 60களிலும் கலிபோர்னியாவின் லாங் பீச் அரசுப் பல்கலைக்கழகத்துக்குக் கம்போடிய மாணவர்கள் படிக்க வந்தனர். அங்கே தங்கிவிட்ட சிலரை நம்பியே 1975-இல் முதல் அகதிகள் அந்நகருக்குப் போனார்கள். கம்போடியாவுக்கு வெளியே கம்போடியர் மிகுதியாக வாழும் நகரம் இன்று லாங் பீச் என்று கருதப்படுகிறது. அங்கே அனகைம் தெருவின் ஒரு பகுதி 2007-இல் கம்போடியா டவுன் என அதிகாரப்பூர்வமாகப் பெயர் பெற்றது. ஒரே இடத்தில் அகதிகள் குவிவதைத் தவிர்க்க எண்ணிய அரசு, 1980களின் தொடக்கத்தில் அட்லாண்டா, சிகாகோ, டல்லஸ், ஹூஸ்டன், நியூயார்க் முதலிய பன்னிரண்டு நகரங்களில் அவர்களைப் பிரித்துக் குடியமர்த்தியது. வாடகை மலிவான, குற்றம் மலிந்த பகுதிகளிலேயே வீடுகள் கிடைத்தன. பலர் சிறிது காலத்தில் உறவினரைத் தேடி லாங் பீச்சுக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகருக்கும் மாறிப் போயினர்.

அகதிகள் சட்டம் தொடக்கத்தில் 36 மாதங்களுக்கு உதவித்தொகை அளித்தது. 1982-இல் அது 18 மாதங்களாகவும் 1991-இல் 8 மாதங்களாகவும் சுருங்கியது. எழுத்தே அறியாத ஒருவர் எட்டு மாதத்தில் புதிய மொழியையும் ஒரு தொழிலையும் கற்றுச் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தது கொடுமையான கணக்கு.

தொழில்

லோவெலில் மின்னணுத் தொழிற்சாலைகள் இருந்தன. ஆங்கிலம் அதிகம் தேவைப்படாத பாகம் பொருத்தும் வேலைகளில் கம்போடியர், குறிப்பாகப் பெண்கள், சேர்ந்தனர். அந்நகரின் பெரும் நிறுவனமான வாங் லேபரட்டரீஸ் 1992-இல் திவால் மனு கொடுத்தது. மாநிலத்தின் கணினித் தொழில் சரிந்தபோது முதலில் வேலை இழந்தவர்கள் இப்படிக் கடைசியில் வந்து சேர்ந்தவர்களே.

கலிபோர்னியாவில் வேறு வழி திறந்தது. 1975-இல் அகதியாக வந்த டெட் இங்கோய், வின்செல்ஸ் டோனட் நிறுவனத்தில் பயிற்சி பெற்று, பின்னர் சொந்தமாகக் கடைகள் நடத்தினார். புதிதாக வந்த குடும்பங்களுக்குப் பொறுப்பேற்று வரவழைத்து, தொழில் கற்றுத் தந்து, கடைகளைக் குத்தகைக்கு விட்டார். அவர்கள் தம் உறவினருக்குக் கற்றுத் தந்தனர். தென்கலிபோர்னியாவின் சிறு டோனட் கடைகளில் பெரும்பங்கு கம்போடியர் கைக்கு வந்தது இப்படித்தான். வங்கிக் கடன் கிடைக்காதவர்கள் தோங்தின் என்னும் சுழல்சேமிப்பில் முதல் திரட்டினர். நம்மூர் ஏலச்சீட்டைப் போல, மாதம் ஒருவர் தள்ளி எடுத்துக்கொள்ளும் முறை அது. தென்கலிபோர்னியாவில் டோனட்டின் அடையாளமாகிவிட்ட இளஞ்சிவப்பு அட்டைப்பெட்டி இந்தக் கடைகளோடு பரவியதே.

இந்த வெற்றியைக் கொண்டாடும்போது அதன் விலையையும் சொல்ல வேண்டும். நள்ளிரவில் மாவு பிசைந்து, விடியலில் கடை திறந்து, ஆண்டு முழுவதும் விடுமுறை இல்லாமல் நடந்தது அத்தொழில். மனைவியும் பிள்ளைகளும் சம்பளமில்லாமல் உழைத்ததால்தான் இலாபம் நின்றது. வருமானப் பட்டியலில் ஒரு குடும்பத்தின் தொகையாகத் தெரிவது, உண்மையில் நான்கைந்து பேரின் இரவு பகல் உழைப்பு. பிள்ளைகளில் பலர் படித்து வேறு வேலைகளுக்குப் போய்விட்டனர். கடையை யாரிடம் ஒப்படைப்பது என்பது மூத்த தலைமுறையின் இன்றைய கவலை.

உடலும் மனமும்

கம்போடியரின் நிலையைப் பிற ஆசியக் குடியேறிகளிடமிருந்து மிக அதிகமாகப் பிரித்துக் காட்டுவது மனநலம். லாங் பீச்சில் 35 முதல் 75 வயதுவரையிலான 490 கம்போடிய அகதிகளிடம் நடந்த ஆய்வு 2005-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. அவர்களில் 99 விழுக்காட்டினர் பட்டினியால் சாவின் விளிம்புவரை போனவர்கள். 90 விழுக்காட்டினரின் குடும்பத்தினரோ நண்பரோ கொலையுண்டிருந்தனர். இருபதாண்டு கடந்த பின்னும் 62 விழுக்காட்டினருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோயும் 51 விழுக்காட்டினருக்குக் கடும் மனச்சோர்வும் இருந்தன. மதுப்பழக்கக் கோளாறு 4 விழுக்காட்டினரிடம் மட்டுமே காணப்பட்டது. அமெரிக்காவுக்கு வந்த பிறகும் வன்முறையை எதிர்கொண்டதாகச் சொன்னோர் 70 விழுக்காடு. இதே நகரில், கண்ணில் எந்தக் குறையும் இல்லாமல் பார்வை மங்கிப்போன கம்போடியப் பெண்களை மருத்துவர்கள் கண்டனர்; கண்ணெதிரே உற்றார் கொல்லப்பட்டதைப் பார்த்தவர்கள் அவர்களில் பலர். இத்தனை காயத்தோடு இருப்பவரிடம் வேலைவாய்ப்பு விழுக்காட்டை மட்டும் கேட்பது போதாது.

புதிய நாடும் பாதுகாப்பானதாக அமையவில்லை. 1989 ஜனவரி 17-இல் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரத் தொடக்கப்பள்ளி ஒன்றில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து குழந்தைகள் இறந்தனர். நால்வர் கம்போடியர், ஒருவர் வியட்நாமியர். கெமர் ரூஜிடமிருந்து தப்பிய ஒருவராகத் திரைப்படத்தில் நடித்து 1985-இல் ஆஸ்கார் வென்ற மருத்துவர் ஹைங் நோர், 1996-இல் லாஸ் ஏஞ்சலஸில் தம் வீட்டருகே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இரண்டாம் தலைமுறை

முகாமில் பிறந்து ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைகள் பள்ளியில் அடியும் கேலியும் பட்டனர். பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆசிரியர் பலர், ஆசியப் பிள்ளை என்றால் தானாகவே படித்துக்கொள்ளும் என்று எண்ணினர். தற்காப்புக்காகக் கும்பல்களில் சேர்ந்த இளைஞர் சிலர் சிறை சென்றனர். 1996-இல் இயற்றிய சட்டங்கள், குடியுரிமை பெறாதவரை நாடுகடத்தப் போதுமான குற்றங்களின் பட்டியலைப் பெருக்கி, பழைய தண்டனைகளுக்கும் பொருந்தச் செய்தன. 2002-இல் கம்போடியா அவர்களை ஏற்க ஒப்புக்கொண்டது. தண்டனையை முடித்து, மணமுடித்து, வேலையில் இருந்த நூற்றுக்கணக்கானோர், அவர்களில் பலர் பார்த்தே இராத நாட்டுக்கு அனுப்பப்பட்டனர். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதே பல அகதிக் குடும்பங்களுக்கு யாரும் சொல்லாத செய்தி. அகதியாக ஏற்ற அதே அரசு அவர்களின் பிள்ளைகளை இப்படித் தண்டித்தது பெரும் அநீதி.

ஆயினும் தலைமுறை மாற்றம் எண்களில் தெரிகிறது. 2019-ஆம் ஆண்டுத் தரவுகளை வைத்துப் பியூ மையம் கணித்தபடி கம்போடிய வீடுகளின் இடைநிலை வருமானம் சுமார் 67,000 டாலர்; ஆசியர் அனைவருக்கும் 85,800. வறுமை 13 விழுக்காடு. ஆசியரின் அளவு 10. 2000-இல் இருந்த பள்ளம் வருமானத்திலும் வறுமையிலும் பெருமளவு தூர்ந்திருக்கிறது. கல்வியில் அப்படியில்லை. ஆசியரில் பாதிக்கு மேல் பட்டதாரிகள். கம்போடியரில் சுமார் ஐந்தில் ஒருவரே. பட்டமில்லாமல் இந்த வருமானத்தை எட்டியிருப்பது, ஒரு வீட்டில் பலர் கூடி உழைப்பதையே காட்டுகிறது.

அரசியலில் நுழைவு மெதுவாக நடந்தது. 1999-இல் ரித்தி உவோங் லோவெல் நகர மன்றத்துக்குத் தேர்வானார். நகர் முழுவதையும் ஒரே தொகுதியாக வைத்து நடத்திய தேர்தல் முறை சிறுபான்மையினரின் வாக்கைச் செல்லாக்காசாக்குகிறது என்று ஆசிய, இலத்தீன் அமெரிக்க வாக்காளர் சிலர் 2017-இல் வழக்குத் தொடுத்தனர். 2019-இல் சமரசம் ஏற்பட்டு வட்டாரத் தொகுதிகள் பிறந்தன. புதிய முறையில் 2021-இல் நடந்த முதல் தேர்தலுக்குப் பின், 2022 ஜனவரியில் சோக்கரி சாவ் அந்நகரின் மேயரானார். அமெரிக்காவில் அப்பதவியை அடைந்த முதல் கம்போடியர் அவர். லாங் பீச் நகர மன்றத்துக்கு 2020-இல் சுவெலி சாரோ தேர்வானார்.

பிற நாடுகள்

பிரான்சில் குடியேறிய கம்போடியரிடையே பிரெஞ்சுக் கல்வி பெற்ற நகரத்தாரும் வணிகச் சீனரும் அதிகம். அங்கே அரசு இனவாரியாகக் கணக்கெடுப்பதில்லை என்பதால் நேர் ஒப்பீடு கடினம். ஆஸ்திரேலியாவில் மெல்பர்னின் ஸ்பிரிங்வேல், சிட்னியின் கப்ரமட்டா வட்டாரங்களில் கம்போடியர் திரண்டு வாழ்கின்றனர்.

கணக்கெடுப்பும் கொள்கையும்

தென்கிழக்காசிய அகதிகளுக்காக 1979-இல் தொடங்கிய சீராக் அமைப்பு, ஆசியரை ஒரே எண்ணாகக் காட்டாமல் இனவாரியாகப் பிரித்துத் தர வேண்டும் என்று நெடுநாள் வற்புறுத்திவருகிறது. உதவித்தொகை, மொழிபெயர்ப்பாளர், மனநல மருத்துவமனை ஆகியவற்றுக்கான பணம் இந்த எண்களைப் பார்த்தே ஒதுக்கப்படுகிறது. கலிபோர்னியா 2016-இல் பொதுச் சுகாதாரத் தரவுகளுக்கு இந்த இனவாரிப் பிரிப்பைச் சட்டமாக்கியது. 2024 மார்ச்சில் கூட்டாட்சி அரசும் விரிவான பிரிவுகளைக் கேட்பதைத் தன் துறைகளுக்குப் பொதுவிதியாக்கியது. சீனர், இந்தியர், பிலிப்பினோ, வியட்நாமியர், கொரியர், ஜப்பானியர் ஆகிய ஆறு பிரிவினருக்கு அந்தப் படிவத்தில் தனிக் கட்டம் உண்டு. கம்போடியர் தங்கள் இனத்தின் பெயரைக் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும்.