நடந்தவர் குற்றவாளியான வரலாறு

சாலை விதி என்றதும் இடப்பக்கமா வலப்பக்கமா என்கிற கேள்விதான் முதலில் வருகிறது. பிரிட்டனில் இடப்பக்கம், அமெரிக்காவில் வலப்பக்கம். இரண்டு தேசங்களையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு இதில் பெரிய சுவாரசியம் இல்லை. எந்தப் பக்கமானாலும் எல்லோரும் ஒரே பக்கம் போனால் சரி, அவ்வளவுதான். நான் பேச விரும்புவது வேறொரு வித்தியாசத்தைப் பற்றி. இங்கிலாந்தில் ஒருவர் தெருவைத் தனக்கு வசதியான இடத்தில் குறுக்கே கடந்தால் அது குற்றமில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் நகரங்களிலும் அது குற்றம். அதற்கு ‘ஜேவாக்கிங்’ என்று பெயர், அபராதமும் உண்டு. இத்தனைக்கும் இரண்டு நாட்டுச் சட்டமும் ஒரே பொதுச்சட்ட மரபில் முளைத்தவை. அந்த மரபில் பொதுவழி என்றால் யாரும் போகலாம், வரலாம். அப்படியிருக்க ஓரிடத்தில் மட்டும் நடப்பது எப்படிக் குற்றமாயிற்று?

ஆரம்பத்தில் சந்தேகத்துக்கு உரியதாக இருந்தது மனிதன் அல்ல, இயந்திரம்தான். பிரிட்டனின் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி சாலையில் ஓடும் நீராவி வண்டிக்கு வேகம் ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல். வண்டிக்கு 60 கெஜம் முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும். இன்று இதைச் சொன்னால் சிரிக்கிறோம். ஆனால் அந்தச் சட்டத்தின் தர்க்கத்தைக் கவனியுங்கள்: ஆபத்தைக் கொண்டுவருகிறவன் எவனோ, எச்சரிக்கையும் அடக்கமும் அவன் பொறுப்பு. 1896இல் இந்தக் கட்டு தளர்ந்தது. இலகுவான மோட்டார் வண்டிகள் 14 மைல் வரை போகலாம் என்றானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸ் வளாகத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி கார் மோதி இறந்தார். விசாரித்த அதிகாரி, இப்படியொன்று இனி நடக்கவே கூடாது என்றார். நியூயார்க்கில் 1899இல், டிராமிலிருந்து இறங்கிய ஹென்றி பிளிஸ் மின்சார வாடகைக் கார் மோதி இறந்தார். கார் ஓட்டியவரைக் கைது செய்தார்கள், பிறகு விடுவித்தார்கள். இதுவரை இரண்டு நாடுகளும் கிட்டத்தட்ட ஒரே பாதையில்தான் வருகின்றன.

பிரிகிற இடம் 1920கள். அந்தப் பத்தாண்டில் அமெரிக்கச் சாலைகளில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் செத்தார்கள். நகரங்களில் பெரும்பாலும் நடந்து போனவர்கள், அதிலும் குழந்தைகள். பால்டிமோரில் 1922இல் இறந்த குழந்தைகளுக்கு நினைவுத்தூண் எழுப்பினார்கள். பத்திரிகைகளின் கேலிச்சித்திரங்களில் கார் எமனாக வந்தது. சின்சினாட்டியில் 1923இல், 25 மைலுக்கு மேல் ஓட முடியாதபடி ஒவ்வொரு காரிலும் வேகத்தடுப்புக் கருவி பொருத்த வேண்டும் என்று 42,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். கார் வியாபாரிகள் பதறிப்போனார்கள். பணத்தை இறைத்துப் பிரச்சாரம் செய்து, பொதுவாக்கெடுப்பில் அதைத் தோற்கடித்தார்கள்.

கார்த் தொழில் இதிலிருந்து கற்ற பாடம் முக்கியமானது. வேகம்தான் ஆபத்து என்ற பேச்சு நிலைத்துவிட்டால் காரை விற்க முடியாது. ஆகவே பேச்சையே மாற்ற வேண்டும். அதற்குக் கைக்கு வந்த சொல்தான் ‘ஜே’. அந்தக் காலத்து அமெரிக்கக் கொச்சையில் ‘ஜே’ என்றால் பட்டிக்காட்டான். மிட்டாய்க் கடையைப் பார்த்த பட்டிக்காட்டான் என்று நாம் சொல்கிறோமே, அதே ஏளனம். நகரத்தில் நடக்கத் தெரியாத நாட்டுப்புறத்தான் என்பதுதான் ‘ஜேவாக்கர்’. முதலில் அவமானம், பிறகு சட்டம். குறுக்கே கடந்தவர்களைச் சாரணச் சிறுவர்களை விட்டு நிறுத்தி, புத்தி சொல்லும் அட்டைகளைக் கொடுக்க வைத்தார்கள். லாஸ் ஏஞ்சலீஸ் 1925இல் இயற்றிய போக்குவரத்து விதிகள், நடப்பவரைக் கோட்டுக்குள்ளும் சிக்னலுக்குள்ளும் அடைத்தன. அவற்றை வகுத்த மில்லர் மெக்ளின்டாக்கின் ஆய்வு மையத்துக்குப் பணம் கொடுத்தது ஸ்டூடிபேக்கர் கார்க் கம்பெனி. வர்த்தக அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் கூட்டிய மாநாடுகளின் வழியாக 1928இல் நாடு முழுமைக்குமான மாதிரி விதிகள் வந்தன. பத்தே ஆண்டுகளில், கொல்லும் பொருளின் மீதிருந்த பழி கொல்லப்பட்டவர் மீது இறங்கிவிட்டது. அதற்கு வைத்த பெயர் ‘பாதுகாப்பு’.

அப்படியானால் பிரிட்டன் யோக்கியமா என்று கேட்பீர்கள். அதெல்லாம் இல்லை. அங்கே கார் வைத்திருந்தவர்கள் சீமான்கள். சட்டம் போட்டவர்களும் அவர்களேதான். வேகத்தைப் பிடிக்க ஒளிந்திருந்த போலீசைப் பற்றி ஓட்டுநர்களுக்குத் துப்புக் கொடுக்கவே 1905இல் ஆட்டோமொபைல் அசோசியேஷன் தொடங்கினார்கள். 1930ஆம் ஆண்டுச் சட்டம் கார்களுக்கு இருந்த 20 மைல் வரம்பையே எடுத்துவிட்டது. 1934இல் மட்டும் 7,343 பேர் செத்தார்கள். அந்த ஆண்டு நாடாளுமன்றத்தில் மூர்-பிரபஸான் என்ற உறுப்பினர், முன்பு கோழிகளும் நாய்களும் நிறைய அடிபட்டன, இப்போது நாய்கள் விலகப் பழகிவிட்டன, மனிதர்களும் பழகிக்கொள்வார்கள் என்ற பொருளில் பேசினார். மனசில் இருந்ததை அப்படியே சொல்லிவிட்டார், பாவம்.

ஆனாலும் அங்கே சட்டம் வேறு பக்கம் திரும்பியது. ஊர்ப்பகுதிகளில் 30 மைல் வரம்பு, புதிய ஓட்டுநர்களுக்குத் தேர்வு, நடப்பவருக்கு முன்னுரிமை தரும் கடவைகள், அவற்றைக் காட்டும் ஆரஞ்சு உருண்டைக் கம்பங்கள் என்று 1934ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி வந்தன. அமைச்சர் ஹோர்-பெலிஷா பெயரால் அந்தக் கம்பங்கள் இன்றும் நிற்கின்றன. கடவையில் நடப்பவருக்கு உரிமை உண்டு. அதற்காகக் கடவைக்கு வெளியே கடப்பது குற்றமாகிவிடவில்லை. இரும்புத் தடுப்புகள் போட்டு ஆளை ஓரம் தள்ளினார்கள்தான். மோட்டார்வேயில் நடப்பதற்கும் தடைதான். இருந்தும் நகரத் தெருவில் நடப்பவனைக் குற்றவாளி ஆக்கவில்லை.

இந்த வித்தியாசம் சும்மா சட்டப் புத்தகத்து வித்தியாசம் இல்லை. நடப்பது குற்றமானால், நடக்கிற எவரையும் போலீஸ் நிறுத்தலாம். எல்லோரும் செய்கிற ஒரு காரியத்தைக் குற்றமாக்கிவிட்டு, யார் மீது பாய்வது என்பதைச் சீருடைக்காரன் கையில் விட்டால் என்ன ஆகும்? மிசௌரி மாநிலத்து ஃபெர்குசனில் 2014 ஆகஸ்டில் நடுத்தெருவில் நடந்த இரண்டு கறுப்பின இளைஞர்களை ஒரு காவலர் ஓரமாகப் போகச் சொன்னார். சில நிமிடங்களில் அவர்களில் ஒருவரான 18 வயது மைக்கேல் பிரவுன் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஊர்க் காவல்துறை பற்றி அமெரிக்க நீதித்துறை 2015இல் வெளியிட்ட அறிக்கை, சாலையில் ‘நடக்கும் விதம்’ குறித்துப் போட்ட வழக்குகளில் 95 சதவீதம் கறுப்பர்கள் மீது என்றது. ஊரில் அவர்கள் 67 சதவீதம். காரை விற்க உண்டாக்கிய குற்றம் நிறவெறிக்கு வசதியான கருவியாகிவிட்டது. உண்டாக்கியவர்கள் இதைத் திட்டமிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அதிகாரத்துக்குத் திட்டம் தேவையில்லை. தயாராகக் கிடக்கும் ஒரு விதி போதும்.

கலிபோர்னியா 2023இல் இருந்து, உடனடி ஆபத்து இல்லாதபோது குறுக்கே கடப்பவரைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் செய்தது. நியூயார்க் நகரம் 2024இல் இதைக் குற்றமல்ல என்றாக்கியது. பிரிட்டனின் நெடுஞ்சாலைக் கையேடு 2022இல், அதிகத் தீங்கு செய்யக்கூடிய வண்டி எதுவோ அதை ஓட்டுகிறவருக்கே அதிகப் பொறுப்பு என்று எழுதியது. சிவப்புக் கொடிச் சட்டத்தின் தர்க்கம் 157 ஆண்டுகள் கழித்து, கொடி இல்லாமல் திரும்பி வந்திருக்கிறது.

விதி என்றால் அது இயற்கையாக விளைந்தது, பொதுநன்மைக்கானது என்று பழகிவிட்டோம். ஒரே மரபில் வந்த இரண்டு நாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த மயக்கம் தெளிகிறது. இங்கே வேறு மாதிரி இருந்திருக்க முடியும், ஏனென்றால் அங்கே வேறு மாதிரி இருக்கிறது. எந்தப் பாதுகாப்பு விதியையும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: யாரிடமிருந்து யாரைக் காக்கிறாய்?