உப்பும் பக்கவாதமும்: ஜப்பான் கண்ட மாற்றம்

ஜப்பான் நாட்டில் 1951 முதல் 1980 வரை மக்களை மிகுதியாக மாய்த்தது மூளை இரத்தக்குழாய் நோயே. பக்கவாதம் என்று நாம் கூறுவது இதனையே. வடகிழக்கிலுள்ள அகிதாவில் அதன் கொடுமை பெரிது. பனி மூடும் மாதங்களுக்கென அம்மக்கள் மீனையும் காய்களையும் உப்பிலிட்டுக் காத்தனர். நாளொன்றுக்கு 20 கிராமுக்கு மேலும் உப்பு உண்டனர். அதனால் இரத்த அழுத்தம் மிகுந்தது.

1963-இல் அங்குள்ள இகாவா கிராமத்தில் ஊராரின் இரத்த அழுத்தத்தை அளந்து, உப்பைக் குறைக்கக் கற்பிக்கும் பணி தொடங்கிற்று. நாடெங்கும் குளிர்சாதனப் பெட்டி பரவவே, உப்பிட்டுக் காக்கும் தேவையும் தளர்ந்தது. மருந்தும் துணைநின்றது. 1981-இல் புற்றுநோய் முதலிடம் பெற்றது. பக்கவாத மரணமோ தொடர்ந்து சரிந்தது.

பனிக்கு அஞ்சிச் சேமித்த உணவே உயிரைக் குடித்தது. ஊறுகாய் ஜாடியோடு அயல் மாநிலம் வந்த நாம் இவ்வரலாற்றை நினைவிற் கொள்வோமாக.